இலைப் படுகையும் தானியப் படுகையும்

கோத்தகிரிக்கும் கட்டபெட்டுக்கும் இடையில், சாலையிலிருந்து சற்றுக் கீழே இறங்கினால் வருகிற ஓடைக்கரையில் என் அப்பா 22 ஆண்டுகள் நீலகிரித் தைலம் காய்ச்சினார். தகரக் கொட்டகை ஒன்று, இரும்பு டிரம் ஒன்று, அதன் மூடியிலிருந்து வளைந்து ஓடைநீர்த் தொட்டிக்குள் இறங்கும் செப்புக் குழாய், தைலத்தையும் தண்ணீரையும் பிரிக்க ஒரு கலம்: இவ்வளவுதான் அவருடைய ஆலை. டிரம்மின் அடியில் தண்ணீர் நிற்கும். அதற்கு ஒரு சாண் மேலே கம்பித் தட்டு. தட்டின்மேல் 300 கிலோ கற்பூர மர இலை. யூகலிப்டஸ் என்று பள்ளிக்கூடத்தில் எழுதுவோமே தவிர, எங்கள் மலையில் அது கற்பூர மரம்தான்.

பெண்கள் சுமைகட்டிக் கொண்டுவந்து கொட்டும் இலையை டிரம்முக்குள் இறங்கி மிதிப்பது பள்ளி விடுமுறைகளில் என் வேலையாக இருந்தது. இலை கொட்டக் கொட்ட நான் நடுவிலேயே நின்று மிதித்துக்கொண்டிருப்பேன். அப்பா விளிம்பில் நின்று, “ஓரம், ஓரம் மிதி கண்ணு. ஓரத்துல சந்து விட்டீன்னா ஆவி அதுலயே பூந்து ஓடிரும்” என்பார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது டிரம்மைத் திறக்கும்போது தெரியும். ஐந்து மணி நேரம் எரித்த பிறகும் தைலம் ஒரு லிட்டர் குறைவாக இறங்கியிருக்கும். சக்கையைக் கிளறினால், ஓரத்து இலை வெந்து வெளிறிப்போயிருக்க, நடுவில் இருப்பது மட்டும் பச்சை மாறாமல், கண்ணைக் கரிக்கும் அதே காரமான மணத்தோடு கிடக்கும். 100 கிலோ இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தைலம் என்ற கணக்கில் வாழ்கிற ஒருவருக்கு அந்த ஒரு லிட்டர் சிறிய நட்டம் அல்ல.

அந்த மிதிப்புப் பாடத்தை நான் முழுதாகப் புரிந்துகொண்டது, பிற்பாடு ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில் ஒரு சிறிய மால்ட் விஸ்கி வடிசாலையில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தபோதுதான். அங்கே என் பணி வடிகலத்தின் பக்கம் அல்ல, மாஷ் பக்கம்: அரைத்த முளைதானியத்தை, அதாவது மால்ட்டை, சுடுநீரில் ஊறவைத்து, அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாறவிட்டு, இனிப்பு நீரை வடித்தெடுக்கும் வேலை. அந்த இனிப்பு நீரை வோர்ட் என்பார்கள். அது நொதித்த பிறகுதான் வடிகலத்துக்குப் போகும்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம், கோவாவில் சிறு வடிசாலை ஒன்றுக்கு உரிமம் வாங்கியிருக்கும் என் பழைய நண்பர் ஒருவர். மூன்று மாதமாக வாரம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, எந்தக் கருவியை எங்கே வாங்கலாம் என்று கேட்கிறார். முதல் அழைப்பில் அவர் கேட்ட கேள்விகள் அத்தனையும் செப்பு வடிகலத்தைப் பற்றியவை: கழுத்து எவ்வளவு உயரம், தோள் உருண்டையாக இருக்க வேண்டுமா, ராத்தஸ் ஊரின் ஃபோர்சைத்ஸ் கம்பெனியிடம் செய்யச் சொன்னால் எத்தனை மாதம் ஆகும் என்றெல்லாம். வடிசாலை தொடங்குகிற எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள். செப்புக்கலம் பளபளவென்று இருக்கிறது. புகைப்படத்தில் அழகாக விழுகிறது. மாஷ் அண்டாவோ மூடிபோட்ட பெரிய சட்டி மாதிரி ஒரு மூலையில் நிற்கிறது, அதை யாரும் படமெடுப்பதில்லை. நான் அவரிடம், “வடிகலம் கிடக்கட்டும், உங்கள் மாவு மில் என்ன?” என்று கேட்டேன். எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

மேலே போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் உரிமமில்லாமல் மது வடிப்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். செய்தித்தாளில் ‘ஊறல் அழிப்பு’ என்று வருகிறதே, அந்த ஊறல் என்பது நொதித்துக்கொண்டிருக்கும் மாஷ்தான். ஊருக்குத் திரும்பிய பிறகு நான் செய்து பார்த்ததெல்லாம் நொதிக்கவிடாத இனிப்பு நீர் மட்டுமே. வடித்த அன்றே வற்றக் காய்ச்சிப் பாகாக்கிவிடுவேன், அதைத் தோசைக்கும் பாலுக்கும் வீட்டில் பயன்படுத்துகிறோம்.

இனி மில். முளைகட்டி உலர்த்திய பார்லியை அரைப்பது என்றால் மாவாக்குவது என்று பொருள் அல்ல. நம் மாவு மில்லில் ராகியை அரைப்பதுபோல அரைத்துவிட்டால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. தேவைப்படுவது உருளை மில். இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே தானியம் நசுங்க வேண்டும், உமி கிழியாமல் உரிய வேண்டும், உள்ளிருக்கும் பருப்பு குருணையாக உடைய வேண்டும். ஸ்காட்லாந்து வடிசாலைகளில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: உமி 20, குருணை 70, மாவு 10. அந்த 20 பங்கு உமிதான் அண்டாவின் அடித்தட்டில் படிந்து வடிகட்டியாக வேலை செய்கிறது. 70 பங்கு குருணையில்தான் சர்க்கரை ஆகப்போகும் மாவுச்சத்து இருக்கிறது. 10 பங்கு மாவு கூடினால் படுகை அடைத்துக்கொள்ளும், குறைந்தால் விளைச்சல் குறையும். இந்தக் கணக்கைச் சரிபார்க்க ஒரு சிறிய மரப்பெட்டி இருக்கும். உள்ளே இரண்டு சல்லடை, மூன்று அடுக்கு. ஒரு கைப்பிடி அரைத்ததைப் போட்டு, மூடி, சில நிமிடம் ஆட்டினால் மேல்தட்டில் உமியும் நடுவில் குருணையும் அடியில் மாவும் தனித்தனியாக நிற்கும். அவற்றைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதோடு சோதனை முடிந்தது. வடிசாலை முழுவதிலும் இதைவிட மலிவான கருவி இல்லை. இதைவிட அதிகமாக அலட்சியப்படுத்தப்படும் கருவியும் இல்லை.

பழைய ஸ்காட்டிஷ் வடிசாலைகள் பலவற்றில் லீட்ஸ் நகரத்து போர்ட்டியஸ் கம்பெனியின் சிவப்பு மில்தான் இன்றும் ஓடுகிறது. பழுதே ஆகாத அளவுக்கு நன்றாகச் செய்ததால் புதிய மில் வாங்க ஆளில்லாமல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது என்று அங்கே சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நண்பருக்கு அப்படிப்பட்ட பழைய மில் தேவையில்லை. உருளைகளின் இடைவெளியைச் சரிசெய்ய முடிகிற எந்த நல்ல மில்லும் போதும். ஆனால் அந்த இடைவெளி தானாக நகராமல் நிற்குமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அது நகர்ந்ததால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது ஆண்டு, ஒரு பிப்ரவரி மாதம். பல வாரங்களாகச் சல்லடைப் பெட்டி ஒரே கணக்கையே காட்டிக்கொண்டிருந்ததால், அன்று காலை அதை ஆட்டிப் பார்க்காமலே ஒரு டன் தானியத்தை அரைத்து அண்டாவுக்குள் இறக்கிவிட்டேன். முதல் பத்து நிமிடம் வோர்ட் ஒழுங்காக ஓடியது. பிறகு கண்ணாடிக் குழாயில் ஓட்டம் மெலிந்தது, விரலளவு ஆயிற்று, நூலளவு ஆயிற்று. புதியவன் செய்யும் தவற்றைச் செய்தேன்: வால்வை இன்னும் திறந்தேன். அடியிலிருந்து இழுக்கும் விசை கூடக்கூட, மேலே இருந்த படுகை தட்டோடு தட்டாக அமுங்கி, சிமெண்டுத் தளம் போல இறுகிவிட்டது. செய்திருக்க வேண்டியது அதற்கு நேர்மாறானது. வால்வை மூடி, துளைத்தட்டின் அடியிலிருந்து சுடுநீரை மெல்ல மேலேற்றிப் படுகையை மிதக்கவிட்டு, கிளறும் கைகளை ஒருமுறை சுற்றவிட்டு, மறுபடி படிய நேரம் கொடுத்து, பாதி வேகத்தில் வடிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். எனக்கு மேலிருந்த முதியவர் வந்து அதைச் செய்தபோது நேரம் கடந்துவிட்டது. இரவு இரண்டு மணிவரை இரண்டு பேர் அண்டாவுக்குள் இறங்கி, மண்வெட்டியால் அந்தச் சூடான கஞ்சியை வாரி வெளியே தள்ளினோம். முழங்கால்வரை இனிப்புச் சேற்றில் நின்றபோது எனக்கு அப்பாவின் டிரம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே சந்து விட்டதால் ஆவி குறுக்குவழியில் ஓடியது. இங்கே சந்தே இல்லாததால் தண்ணீர் ஓடவில்லை. இலையானாலும் தானியமானாலும், ஊடே போவது ஆவியானாலும் நீரானாலும், படுகை எல்லா இடத்திலும் ஒரே சீராக விட்டுக்கொடுக்க வேண்டும். மறுநாள் காலை பெட்டியை ஆட்டிப் பார்த்தேன். மாவு 10க்குப் பதில் 17 இருந்தது.

சிறு வடிசாலைக்கு வாங்கும் மாஷ் அண்டாவில் நான் பார்க்கச் சொல்வது மூன்று. முதலாவது, துளைத்தட்டு. வட்டத் துளை போட்ட தகடு மலிவாகக் கிடைக்கும், ஆனால் உமி அதில் சிக்கிக்கொள்ளும். இடுக்குகள் மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கும் ஆப்பு வடிவக் கம்பித் தட்டுதான் சரி. உள்ளே நுழைந்த துகள் தங்காமல் கீழே விழுந்துவிடும். இரண்டாவது, படுகையின் ஆழம். உயரமான ஒல்லி அண்டா இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் தன் எடையாலேயே படுகை அமுங்கும். அகலமான அண்டாவில் படுகை ஆழமில்லாமல் பரவி, வடிதல் எளிதாகும். மூன்றாவது, தட்டின் அடியிலிருந்து சுடுநீர் ஏற்ற ஒரு குழாய். இது இல்லாத அண்டாவை இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

சூடு பற்றி எழுதும்போது பலர் ஒரு டிகிரியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் இரண்டு நொதிகளின் (என்சைம்களின்) விருப்பங்களுக்கு இடையே ஒரு சமரசம் நடக்கிறது. பீட்டா அமைலேஸ் என்பது மாவுச்சத்துச் சங்கிலியை நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணியாக நறுக்கி மால்டோஸ் என்னும் சர்க்கரையைத் தருவது. அது 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் நன்றாக வேலை செய்து, 70ஐத் தாண்டினால் விரைவில் செத்துவிடும். ஆல்ஃபா அமைலேஸ் சங்கிலியை நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டுவது. 70 டிகிரிச் சூட்டையும் தாங்கும். பார்லியின் மாவுச்சத்து இளகி நொதிகளுக்கு இடம் கொடுப்பதும் ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரியில்தான். இந்த மூன்றும் ஒன்றுசேரும் இடம் 64 டிகிரி என்பதால், ஸ்காட்லாந்தில் முதல் தண்ணீர் கலந்த பிறகு மாஷ் 63.5க்கும் 64.5க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பார்கள். ஒரு டிகிரி இறங்கினால் மாவுச்சத்து முழுதாக இளகாது, இரண்டு மூன்று டிகிரி ஏறினால் ஈஸ்ட் உண்ண முடியாத நீண்ட சங்கிலிகள் மிஞ்சும்.

தண்ணீரை அந்தச் சூட்டிலேயே ஊற்றினால் மாஷ் அந்தச் சூட்டில் நிற்காது, தானியம் குளிர்ந்திருக்கும். ஒரு கிலோ தானியத்துக்கு நான்கு லிட்டர் என்பது வழக்கமான அளவு. தானியம் 10 டிகிரியில் இருந்தால் தண்ணீர் 69.5 டிகிரியில் இருக்க வேண்டும், 20 டிகிரியில் இருந்தால் 68.5 போதும். அதாவது தானியக் கிடங்கு 10 டிகிரி மாறினால் தண்ணீரில் ஒரு டிகிரி மாற்ற வேண்டும். குளிர்காலக் காலைகளில் நான் முதலில் செய்வது கிடங்குக்குப் போய் தானியக் குவியலுக்குள் வெப்பமானியைச் செருகுவதுதான்.

முதல் தண்ணீரை வடித்த பிறகு, படுகையில் தங்கியிருக்கும் சர்க்கரையைக் கழுவ இரண்டாம் தண்ணீர் 75 டிகிரி அளவில் போகும். இவ்விரண்டும் சேர்ந்ததே நொதிகலத்துக்குப் போகும் வோர்ட். மூன்றாம் தண்ணீர் 85, 90 டிகிரியில் போய் மிச்சமீதியைக் கழுவிக்கொண்டு வரும். அதில் சர்க்கரை மிகக் குறைவு. கொட்டுவதும் கிடையாது, நொதிக்கவைப்பதும் கிடையாது. தொட்டியில் தேக்கி அடுத்த மாஷின் முதல் தண்ணீராக்குவார்கள். பழைய குழம்பை அடுத்த வேளைக்கு வைத்துக்கொள்ளும் நம் வீட்டுச் சிக்கனம்தான். கோவா நண்பர் தன் வரைபடத்தில் இந்தத் தேக்கத் தொட்டியை மறந்தே போயிருந்தார்.

பீர் செய்கிறவர்கள் இந்த இடத்தில் வோர்ட்டைக் கொதிக்கவைப்பார்கள். மால்ட் விஸ்கிக்குக் கொதிக்கவைப்பதில்லை, இதுவே இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. கொதிக்காததால் நொதிகளில் ஒரு பகுதி உயிரோடு நொதிகலத்துக்குள் போய், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன, மிஞ்சிய சங்கிலிகளை மேலும் அறுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அங்கே ஒரு டன் மால்டிலிருந்து 400 லிட்டருக்குச் சற்று மேல் தூய ஆல்கஹால் கிடைக்கிறது. வோர்ட் தெளிவாக ஓடினால் மதுவில் பழவாசனை கூடும், கலங்கி ஓடினால் கொட்டையும் தானியமும் கலந்த வாசனை வரும். எது வேண்டும் என்பது அவரவர் விருப்பம். ஆனால் எது வருகிறது என்பதை வடிக்கும் வேகம் தீர்மானிக்கிறது, வடிகலத்தின் கழுத்து அல்ல. என் சாய்வு தெளிந்த வோர்ட் பக்கம்.

ஊர் திரும்பிய பிறகு, கைகள் சும்மா இருக்காமல், 50 லிட்டர் எவர்சில்வர் அண்டா ஒன்றில் ராகியை மாஷ் செய்து பார்க்கத் தொடங்கினேன். இந்த மலையில் தானியம் ஊறுவது புதிதல்ல. படுகர்களின் வயல்களில் ராகியும் சாமையும் பார்லியும் விளைந்த காலம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே பீர் ஆலைகளும் ஓடின. 1915இல் தாமஸ் லீஷ்மன் தென்னிந்தியாவின் சிறு பீர் ஆலைகளை இணைத்து யுனைட்டெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது, நீலகிரி ஆலைகளும் அதற்குள் போய்ச் சேர்ந்தன.

ராகியை முளைகட்ட அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாள் ஊறல், வெள்ளைத் துணியில் இரண்டு மூன்று நாள் முளை. சத்துமாவுக்கு அதன் பிறகு வறுப்போம். மாஷுக்கு வறுக்கக் கூடாது, வறுத்தால் நொதிகள் போய்விடும். 50 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்த வேண்டும். ஐப்பசி மழையில் கோத்தகிரியில் எதை உலர்த்துவது? விறகடுப்புக்கு மேலுள்ள பரணில் மூங்கில் தட்டுகளைப் பரப்பி நான்கு நாள் காயவைத்தோம். லேசான புகைவாசனை ஏறியதை அம்மா குறையாகச் சொன்னார். ஸ்காட்லாந்தில் அதற்குத்தான் தனி விலை என்று சொன்னேன், அவர் நம்பவில்லை.

முதல் மாஷ் தோல்வி. எட்டு கிலோ ராகியில் வோர்ட் ஒரு சொம்புகூட வடியவில்லை. காரணம் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்: பார்லியின் உமி தானியத்தோடு ஒட்டியிருக்கும், ராகிக்கு அப்படி ஒட்டிய உமி கிடையாது. வடிகட்டியே இல்லாத படுகை தட்டில் உட்கார்ந்து இறுகியது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “களி கிண்டுறதுக்கா கண்ணு அத்தனை வருசம் சீமைல இருந்த?” என்றார். மறுமுறை மேட்டுப்பாளையம் அரிசி ஆலை ஒன்றிலிருந்து நெல் உமி வாங்கிவந்து, தூசு போக மூன்று தண்ணீர் அலசி, 800 கிராம் கலந்தேன். ஓட்டம் வந்துவிட்டது. கோதுமையையோ கம்பையோ பயன்படுத்த நினைக்கும் சிறு வடிசாலைக்காரர்களுக்கும் இதே யோசனையைத்தான் சொல்வேன். உமி எந்தச் சுவையையும் தராது, சர்க்கரையையும் தராது. இடைவெளியை மட்டும் தரும்.

சூட்டில் மலை ஒரு வேலை காட்டியது. ராகியின் மாவுச்சத்து பார்லியுடையதைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில்தான் இளகும் என்பதால், மாஷை 50 டிகிரியில் ஊறவைத்து, அதில் மூன்றில் ஒரு பங்கை வேறு பாத்திரத்தில் எடுத்துக் கொதிக்கவைத்து, திரும்பக் கொட்டும் பழைய ஜெர்மானிய முறையைக் கையாண்டேன். கொதித்த பங்கில் நொதிகள் செத்துவிடும், ஆனால் மாவு நன்றாக வெந்துவிடும். மீதி இரண்டு பங்கில் உள்ள நொதிகள் அதைக் கவனித்துக்கொள்ளும். சமவெளிக் கணக்குப்படி 50 டிகிரியில் இரண்டு பங்கும் 100 டிகிரியில் ஒரு பங்கும் சேர்ந்தால் 66, 67 டிகிரி வர வேண்டும். எனக்கு 64தான் வந்தது. வெப்பமானியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது. 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்பதை, இங்கேயே பிறந்து வளர்ந்தவன், பருப்பு வேகக் குக்கர் வைக்கும் வீட்டில் வளர்ந்தவன், மறந்துபோயிருந்தேன். அடுத்த முறை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக எடுத்துக் கொதிக்கவைத்ததும் 66ஐத் தொட்டேன்.

முடிந்ததா என்று பார்க்க மருந்துக்கடை அயோடின் போதும். வெள்ளைத் தட்டில் ஒரு துளி மாஷ், அதன்மேல் ஒரு துளி அயோடின். முதல் பத்து நிமிடத்தில் பேனா மை கொட்டியதுபோலக் கருநீலம் பரவியது. 40 நிமிடம் கழித்து, கொஞ்சம் ஊதா. ஒன்றேகால் மணி நேரத்தில் அயோடின் தன் மஞ்சள் பழுப்பிலேயே நின்றது. அம்மா கரண்டியால் மொண்டு குடித்துவிட்டு, வெல்லம் போட்டாயா என்று கேட்டார்.

இந்த உயரக் கணக்கு மலையில் வடிசாலை வைக்கிறவர்களை, அதாவது உத்தராகண்டிலோ இமாசலத்திலோ உரிமம் பெற்றவர்களை, இன்னும் இரண்டு இடங்களில் இடறிவிடும். 90 டிகிரி மூன்றாம் தண்ணீர், 94இல் கொதிக்கும் ஊரில், கொதிநிலைக்கு மிக அருகில் இருக்கிறது. பம்ப் அதை உறிஞ்சும்போது உள்ளேயே குமிழியிட்டு, கூழாங்கல்லை உருட்டுவதுபோல் சத்தம் போடும், சக்கரம் அரித்துப்போகும். சுடுநீர்த் தொட்டியைப் பம்புக்கு மேலே உயரத்தில் வைத்து, தண்ணீர் தன் எடையாலேயே இறங்கும்படி செய்வதுதான் வழி. இரண்டாவது, ஆல்கஹால் கடல்மட்டத்தில் 78.3 டிகிரியில் கொதிக்கும் என்று புத்தகத்தில் படித்து, ஆவியின் சூட்டை வைத்து, முதலில் வடிவதைத் தலைப்பகுதி, அடுத்ததை நடுப்பகுதி, கடைசியை வால்பகுதி என்று பிரிக்கப் பழகியவருக்கு, இந்த உயரத்தில் அந்த எண்கள் எல்லாம் ஐந்து டிகிரிக்கு மேல் கீழே இறங்கிவிடும்.

கோவாவில் சிக்கல் நேர்மாறானது. வடித்த வோர்ட் 60 டிகிரிக்கு மேல் இருக்கும், ஈஸ்ட் போடுவதற்கு முன் 20 டிகிரி அளவுக்குக் குளிர வேண்டும். ஸ்பேசைடில் குளிர்ந்த ஓடைநீரை அடுக்குத்தகடு வெப்பமாற்றியின் மறுபக்கம் ஓடவிட்டால் போதும். கோவாவின் கிணற்றுநீரே 27, 28 டிகிரி. அதைவிடக் குளிர்ச்சியாக வோர்ட்டை அந்த நீரால் ஆக்கவே முடியாது. குளிரூட்டி ஒன்றும் அதற்கொரு குளிர்நீர்த் தொட்டியும் வாங்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் வெப்பம் தாங்கும் ஈஸ்ட்டைத் தேட வேண்டும். நொதித்தல் தானே சூட்டைக் கிளப்பும் என்பதால் நொதிகலத்துக்கும் குளிர்நீர்ச் சட்டை தேவை. அவர் இதற்குப் பணம் ஒதுக்கியிருக்கவில்லை.

கடைசியில் அவருக்காக நான் போட்டுக் கொடுத்த கணக்கு 500 கிலோ மாஷுக்கானது. முதல் தண்ணீர் 2,000 லிட்டர், இரண்டாவது 1,000 லிட்டருக்குள், மூன்றாவது 2,000 லிட்டர். ஆகவே சுடுநீருக்கு ஒன்று, தேக்கத்துக்கு ஒன்று என இரண்டு தொட்டிகள். நொதிகலத்துக்கு வரும் வோர்ட் 2,500 லிட்டர். நுரை பொங்க இடம்விட்டு 3,300 லிட்டர்க் கலங்கள் நான்கு, ஏனென்றால் மூன்று நாள் நொதித்தால்தான் நல்ல மணம் வரும், நாள்தோறும் மாஷ் செய்தால் ஒன்று கழுவலில் இருக்கும். 8 விழுக்காடு ஆல்கஹாலுள்ள அந்த 2,500 லிட்டரை ஒரே தவணையில் கொள்ளும் முதல் வடிகலம். அதிலிருந்து வருவது மூன்றில் ஒரு பங்கு, முந்தைய வடிப்பின் தலையும் வாலும் அதோடு சேரும். இரண்டாவது வடிகலம் 1,500 லிட்டர் போதும். அவர் முதலில் பேசிவைத்திருந்த வடிகலம் இதைப்போல் இரண்டு மடங்கு. அதை நிரப்ப நாளுக்கு இரண்டு மாஷ் செய்ய வேண்டியிருக்கும், அதற்கு ஆளும் இல்லை, கொதிகலனும் போதாது. வடிகலத்தைச் சிறிதாக்கி, மிச்சப்பட்ட பணத்தை மில்லிலும் குளிரூட்டியிலும் போடச் சொன்னேன். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

சக்கையைப் பற்றியும் கேட்டார். 500 கிலோ தானியம் ஈரத்தோடு அரை டன்னுக்கு மேல் சக்கையாக வெளியே வரும், வெயிலில் மறுநாளே புளித்து நாறும். அண்டாவுக்குப் பக்கவாட்டுக் கதவும், அதற்கு நேர்கீழே டிராக்டர் பெட்டி நிற்க இடமும் வேண்டும். எடுத்துப்போக மாட்டுக்காரர் ஒருவரை மாஷ் தொடங்குவதற்கு முன்பே பேசிவைக்க வேண்டும். அப்பாவுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. வெந்த இலையைக் காயவைத்து அடுத்த டிரம்முக்கு அதையே எரித்துவிடுவார். என் ராகிச் சக்கையைப் பக்கத்து வீட்டுப் பசு தின்கிறது, உமியை மட்டும் நாசூக்காக ஒதுக்கிவிடுகிறது.

சென்ற வாரம் கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் நண்பரின் அண்டா தயாராகிவிட்டது என்று படம் அனுப்பியிருந்தார்கள். பளபளப்பு நன்றாகத்தான் இருந்தது. கம்பித் தட்டின் இடுக்கை அளந்து சொல்லும்படி கேட்டேன். 0.8 மில்லிமீட்டர் என்று பதில் வந்தது. நடுவில் அளந்தீர்களா, ஓரத்தில் அளந்தீர்களா என்று திரும்பக் கேட்டிருக்கிறேன். தட்டும் சுவரும் சேரும் வட்டத்தில் விரல் நுழையும் சந்து இருப்பதாகப் படத்தில் தெரிகிறது. அதை ரப்பர் வளையம் போட்டு அடைக்காமல் லாரியில் ஏற்ற வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன்.